பட்டம் இல்லாமல் பேராசிரியரான செருப்புத் தொழிலாளியின் மகன்

செயற்கை நுண்ணறிவு, இயந்திரக் கற்றல் ஆகிய துறைகளில் ஆய்வாளர் வேலை தேடும் இளைஞர்கள் பலரைத் தயங்க வைப்பது வேலை விளம்பரத்தில் இருக்கும் ஒரு வரிதான். முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதே அந்த வரி. அதைப் படித்ததும் விண்ணப்பம் எழுதாமலேயே ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு.

ஆனால், கணினி என்ற கருவிக்கே அடித்தளமான தருக்கக் கணிதத்தை உலகுக்குத் தந்தவரிடம் முனைவர் பட்டம் இருக்கவில்லை. இளங்கலைப் பட்டமும் இல்லை. அவர் கல்லூரி வாசலை மாணவராக மிதித்ததே இல்லை. அப்படிப்பட்டவர் 33 வயதில் ஒரு கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அவர் பெயர் ஜார்ஜ் பூலே. கணினிப் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் பூலியன் இயற்கணிதம் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

கடையைவிடத் தொலைநோக்கியை நேசித்த தந்தை

1815-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஜார்ஜ் பிறந்தார். தந்தை ஜான் பூலே செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாய் மேரி ஆன் திருமணத்திற்கு முன்பு வசதியான வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். நான்கு பிள்ளைகளில் ஜார்ஜ்தான் மூத்தவர்.

தந்தைக்குக் கடையில் உட்கார்ந்து செருப்புத் தைப்பதைவிடக் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்வதில் ஆர்வம் அதிகம். கணிதத்தின் ஆரம்பப் பாடங்களை மகனுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். தொழிலைக் கவனிக்காததால் கடை நலிந்தது. ஆனால் படிப்பின் மீதான ஆசை மட்டும் மகனிடம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஊரில் இருந்த ஒரு புத்தக வியாபாரி ஜார்ஜுக்கு லத்தீன் மொழி கற்க உதவினார். கிரேக்க மொழியை ஜார்ஜ் தாமாகவே கற்றார். 14 வயதில் ஒரு கிரேக்கக் கவிதையை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, பெருமை தாங்காத தந்தை அதை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிடச் செய்தார். உடனே ஒரு பள்ளி ஆசிரியர், 14 வயதுச் சிறுவனால் இப்படி எழுத முடியாது என்று அதே செய்தித்தாளில் சந்தேகம் கிளப்பினார். சான்றிதழ் இல்லாதவரின் திறமையை உலகம் எப்படிப் பார்க்கும் என்பதை ஜார்ஜ் அந்த வயதிலேயே தெரிந்துகொண்டார்.

16 வயதில் குடும்பச் சுமை

1831-ஆம் ஆண்டு தந்தையின் தொழில் முற்றிலும் படுத்துவிட்டது. வீட்டுக்கு மூத்த பிள்ளை என்ற முறையில் ஜார்ஜ் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம். டன்காஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 16. பெற்றோரையும் மூன்று உடன்பிறப்புகளையும் தாங்கும் பொறுப்பு அன்று தொடங்கியது.

அந்தச் சம்பளத்தில் புத்தகம் வாங்குவது எளிதல்ல. மற்றப் புத்தகங்களைச் சில நாள்களில் படித்து முடித்துவிடலாம். கணிதப் புத்தகம் ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் படிக்கலாம். அதனால் கொடுத்த காசுக்குக் கணிதப் புத்தகமே இலாபம் என்று அவர் கணக்குப் போட்டார். பிரெஞ்சு மொழியில் இருந்த நுண்கணித நூல் ஒன்றை வாங்கி, சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், ஒவ்வொரு பக்கமாகப் போராடிப் படித்தார்.

டன்காஸ்டர் வேலை நிலைக்கவில்லை. அது மதக் கட்டுப்பாடு மிகுந்த பள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவர் கணிதப் புத்தகமும் கையுமாக இருக்கிறார் என்று பெற்றோர்கள் குறைகூறியதாகச் சொல்லப்படுகிறது. பிறகு வேறு இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு, 19 வயதில் சொந்த ஊருக்கே திரும்பி ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கினார். அடுத்த 15 ஆண்டுகளும் பள்ளி நடத்துவதுதான் அவருடைய பிழைப்பு. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் பள்ளியின் கணக்கு வழக்கு, அதன் பிறகு கிடைத்த நேரத்தில் சொந்த ஆய்வு என்று நாள்கள் கழிந்தன.

தொழிலாளர் நூலகமே பல்கலைக்கழகம்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பல நகரங்களில் உழைக்கும் மக்கள் அறிவியல் கற்பதற்காகத் தொழிலாளர் கல்விக் கழகங்கள் தோன்றின. லிங்கனிலும் 1830-களில் அப்படி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜார்ஜின் தந்தைக்குக் கிடைத்தது. மகனுக்கு அதுவே பல்கலைக்கழகம் ஆனது.

நகருக்கு அருகில் வசித்த எட்வர்ட் புரோம்ஹெட் என்ற பிரபு கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அவர் தம் வீட்டு நூலகத்திலிருந்து உயர்கணித நூல்களை ஜார்ஜுக்கு இரவல் கொடுத்தார். இதே புரோம்ஹெட்தான் ஜார்ஜ் கிரீன் என்ற மாவு ஆலைக்காரரின் கணிதத் திறமையையும் அடையாளம் கண்டு உதவியவர்.

1835-ஆம் ஆண்டு அந்தக் கழகத்தில், ஐசக் நியூட்டனின் கண்டுபிடிப்புகள் பற்றி ஜார்ஜ் உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 19. நியூட்டனும் அதே லிங்கன்ஷயர் வட்டாரத்தில் பிறந்தவர்தான்.

தாம் படித்து மேலேறினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. கடைச் சிப்பந்திகள் இரவு வெகுநேரம் வரை வேலை செய்த காலம் அது. கடைகளை முன்னதாக மூட வேண்டும், உழைப்பவர்களுக்கும் படிக்க நேரம் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்ட சங்கத்தில் ஜார்ஜ் பங்கெடுத்தார். ஓய்வு நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றி 1847-இல் அந்தச் சங்கத்தினரிடையே உரையாற்றினார். கிடைத்த ஓய்வு நேரத்தில்தான் அவருடைய வாழ்க்கையே உருவானது.

கேம்பிரிட்ஜா, குடும்பமா?

1840-ஆம் ஆண்டளவில் ஜார்ஜின் ஆய்வுக் கட்டுரைகள் கேம்பிரிட்ஜ் கணித ஆய்விதழில் வெளிவரத் தொடங்கின. அதன் ஆசிரியர் டங்கன் கிரகரி, ஜார்ஜைவிட இரண்டு வயதே மூத்தவர். கட்டுரை எழுதியவர் எங்கே படித்தார் என்று பார்க்காமல், எழுதியதில் சரக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். ஆய்வுக் கட்டுரையை எப்படி அமைக்க வேண்டும் என்ற முறையையும் ஜார்ஜுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கேம்பிரிட்ஜில் சேர்ந்து முறையாகப் பட்டம் வாங்கிவிடலாமா என்று ஜார்ஜ் அப்போது யோசித்தார். பட்டம் தேவையில்லை என்று நினைத்தவர் அல்லர் அவர். கிரகரி உண்மையை மறைக்காமல் சொன்னார். படிப்பதற்குச் செலவு அதிகம். தவிர, தேர்வுக்கான பாடத்திட்டத்தில் மூழ்க வேண்டியிருப்பதால் சொந்த ஆய்வைச் சில ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்றார். இன்னொரு பக்கம், ஜார்ஜ் பள்ளியை மூடினால் பெற்றோருக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை. அவர் கேம்பிரிட்ஜ் போகவில்லை. லிங்கனிலேயே இருந்து தொடர்ந்து எழுதினார்.

1844-ஆம் ஆண்டு, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் புதிய முறை பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். எழுதியவர் யாரென்றே அங்கே பலருக்குத் தெரியாது. கட்டுரை நிராகரிக்கப்படும் நிலைக்குக்கூட வந்தது. ஆனால், படித்துப் பார்த்தவர்களில் அதன் மதிப்பை உணர்ந்தவரும் இருந்தார். கட்டுரை வெளியானது. அந்த ஆண்டே அதற்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது. ராயல் சொசைட்டி கணிதத்திற்காக வழங்கிய முதல் தங்கப் பதக்கம் அது. அதைப் பெற்றவரோ ஒரு சிறு நகரத்துப் பள்ளி ஆசிரியர்.

அவரை வளர்த்துவிட்ட டங்கன் கிரகரி அந்த வெற்றியைப் பார்க்க உயிரோடு இல்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில், 30 வயதில் அவர் இறந்துவிட்டார்.

மூன்று ஆண்டு காத்திருந்த விண்ணப்பம்

1845-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட், கார்க், கால்வே ஆகிய மூன்று நகரங்களில் புதிய கல்லூரிகளை அமைக்க பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டம் இயற்றியது. குயின்ஸ் கல்லூரிகள் என்று அவற்றுக்குப் பெயர். பேராசிரியர்கள் தேவைப்பட்டனர். மறு ஆண்டே ஜார்ஜ் விண்ணப்பித்தார்.

விண்ணப்பத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. தாம் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர் இல்லை, எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை என்பதை வெளிப்படையாகவே எழுதினார். வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளும் தங்கப் பதக்கமும் அவர் பக்கம் பேசின. அதோடு, அவருடைய கணிதத்தைப் படித்து அறிந்தவர்களின் நற்சான்றுக் கடிதங்களும் இருந்தன. இலண்டன் கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கன், எடின்பரோ பேராசிரியர் பிலிப் கெல்லண்ட், பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் முதலியோர் அவருக்குக் கடிதம் கொடுத்தனர். அவர்கள் யாரும் ஜார்ஜுக்குப் பாடம் நடத்தியவர்கள் அல்லர். அவர் எழுதியவற்றின் வழியாக அவருடைய திறமையை அறிந்தவர்கள்.

பதில் உடனே வரவில்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. கல்லூரிகள் திறப்பது தள்ளிக்கொண்டே போனது. ஓராண்டு, இரண்டாண்டு என்று மூன்று ஆண்டுகள் கழிந்தன.

அந்த மூன்று ஆண்டுகளில் ஜார்ஜ் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1847-ஆம் ஆண்டு தருக்கத்தைக் கணிதமாக மாற்றும் சிறு நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அவரை என்றென்றும் உலகம் நினைவில் வைத்திருக்கக் காரணமான சிந்தனை அந்தக் காத்திருப்புக் காலத்தில் பிறந்ததுதான்.

1848-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை காலமானார். 1849-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கார்க் நகரக் குயின்ஸ் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியராக ஜார்ஜ் நியமிக்கப்பட்டார். முதல் பாடம் சொல்லிக் கொடுத்த தந்தை, மகன் பேராசிரியர் ஆனதைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

சிந்தனையைக் கணக்காக்கியவர்

கார்க்கில் கிடைத்த நிலையான வருமானமும் நேரமும் 1854-இல் பலன் தந்தன. சிந்தனையின் விதிகளை ஆராயும் அவருடைய பெரிய நூல் அந்த ஆண்டு வெளிவந்தது.

அதன் அடிப்படை எளிமையானது. எண்களுக்குப் பதிலாகப் பொருள்களின் தொகுப்புகளைக் குறிகளால் குறிக்கலாம் என்றார் அவர். வெள்ளையான பொருள்கள் ஒரு குறி, ஆடுகள் இன்னொரு குறி என்றால், இரண்டையும் பெருக்கினால் வெள்ளை ஆடுகள் கிடைக்கும். வெள்ளையை வெள்ளையால் பெருக்கினால்? வெள்ளையில் வெள்ளை எடுத்தாலும் வெள்ளைதான். அதாவது ஒரு குறியை அதே குறியால் பெருக்கினால் அதே குறி வர வேண்டும். எண்களில் இப்படி நடப்பது இரண்டுக்கு மட்டுமே. 0-ஐ 0-ஆல் பெருக்கினால் 0. 1-ஐ 1-ஆல் பெருக்கினால் 1. ஆகவே தருக்கம் முழுவதையும் 0, 1 என்ற இரண்டு எண்களை வைத்தே கணக்கிடலாம் என்று அவர் காட்டினார். அந்த நூலின் பிற்பகுதியில் நிகழ்தகவையும் தருக்கத்தோடு இணைத்தார்.

இதனால் என்ன பயன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், மின்சார சுவிட்சுகளின் இணைப்புகளுக்கு இந்தக் கணிதம் அப்படியே பொருந்துவதைக் கண்டுபிடித்தார். சுவிட்சு மூடியிருந்தால் ஒரு நிலை, திறந்திருந்தால் மறுநிலை. அதை 0, 1 என்று எழுதிவிடலாம். அதை விளக்கிய ஷானனின் ஆய்வேடும் முனைவர் பட்டத்திற்கானது அன்று, முதுகலைப் பட்டத்திற்கானது. இன்றைய கணினியும் கைப்பேசியும் அந்தக் கணக்கில்தான் இயங்குகின்றன.

மழையில் நனைந்த நாள்

கார்க்கில்தான் ஜார்ஜ் மேரி எவரெஸ்ட்டைச் சந்தித்தார். இந்தியாவின் நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் தம்பி உறவில் மகள் முறை அவர். உலகின் மிக உயர்ந்த சிகரம் தாங்கி நிற்பது அந்தப் பெரியவரின் பெயரைத்தான். 1855-ஆம் ஆண்டு ஜார்ஜுக்கும் மேரிக்கும் திருமணம் நடந்தது. ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தனர். 1857-இல் ராயல் சொசைட்டி ஜார்ஜைத் தன் உறுப்பினராக்கியது. பட்டமே இல்லாதவருக்கு டப்ளினும் ஆக்ஸ்ஃபோர்டும் தேடி வந்து கௌரவப் பட்டம் வழங்கின.

1864-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒரு நாள், கொட்டும் மழையில் ஏறக்குறைய மூன்று மைல் தூரம் நடந்து அவர் கல்லூரிக்குப் போனார். மாணவர்கள் காத்திருந்ததால் ஈர உடையோடே பாடம் நடத்தினார். காய்ச்சல் கண்டு, நுரையீரல் பாதிக்கப்பட்டு, டிசம்பர் 8-ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 49. மூத்த மகளுக்கு 8 வயது. கடைசிக் குழந்தைக்கு ஏழு மாதம்கூட நிறையவில்லை.

மேரி குழந்தைகளோடு இலண்டன் சென்று, ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகராக வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பிள்ளைகளுக்குக் கணிதத்தை எப்படி எளிதாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பின்னாளில் நூல்களும் எழுதினார்.

தந்தை வழியில் மகள்கள்

பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு சரியாகத் திறக்காத காலம் அது. ஜார்ஜின் மூன்றாவது மகள் அலிசியா கல்லூரிக்குப் போகவில்லை. ஆனால் நான்கு பரிமாண வடிவங்களைப் பற்றித் தாமாகவே ஆராய்ந்தார். அவற்றின் வெட்டுத் தோற்றங்களை அட்டையில் செய்து காட்டினார். நெதர்லாந்துப் பேராசிரியர் ஒருவர் அதைக் கண்டு வியந்து அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தார். 1914-ஆம் ஆண்டு குரோனிங்கன் பல்கலைக்கழகம் அலிசியாவுக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது.

நான்காவது மகள் லூசியிடமும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அவர் வேதியியல் ஆய்வாளராகி, 1894-ஆம் ஆண்டு பிரிட்டனின் வேதியியல் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

மூத்த மகள் மேரி எல்லனின் வழியில் வந்த எள்ளுப்பேரன்தான் ஜெஃப்ரி ஹிண்டன். இன்றைய இயந்திரக் கற்றலின் முன்னோடிகளில் ஒருவரான இவர், 2024-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை ஜான் ஹாப்ஃபீல்டுடன் பகிர்ந்துகொண்டார். இவர் முறைப்படி முனைவர் பட்டம் பெற்றவர். கொள்ளுப்பாட்டியின் அப்பனுக்குக் கிடைக்காத வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது.

பட்டத்தின் இடத்தில் வைத்தது என்ன?

பட்டமில்லாமல் சாதித்தவர்களின் கதையைக் கேட்டதும், படிப்பே தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. ஜார்ஜின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. பட்டம் என்பது ஒருவருடைய திறமைக்கு ஒரு சாட்சி. அந்தச் சாட்சி இல்லாதவர் வேறு சாட்சிகளைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்கு ஜார்ஜுக்கு 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தச் சாட்சிகளை அவர் மூன்று வழிகளில் சேர்த்தார். எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், குறை சொல்லத் தெரிந்தவர்கள் படிக்கும் ஆய்விதழுக்கு அனுப்பினார். அப்படிப் படித்தவர்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத வேலைக்காகக் காத்திருந்தபோதும் அடுத்த ஆய்வை நிறுத்தவில்லை.

முனைவர் பட்டம் கேட்கும் விளம்பரத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கும் இன்றைய இளைஞருக்கும் இவை பொருந்தும். வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் படிப்பவர், தாம் செய்ததைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி வெளியிடலாம். ஒரு சிறு ஆய்வையாவது முழுமையாக முடித்து, அத்துறை அறிந்தவர்களிடம் காட்டலாம். வாய்ப்பிருந்தால் பட்டத்தையும் பெறலாம். அதற்கு வழியில்லாத வீட்டில் பிறந்த ஜார்ஜ், தம்மிடம் எது இல்லை என்பதை விண்ணப்பத்தில் நேர்மையாக எழுதிவிட்டு, எது இருக்கிறது என்பதைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்தார்.

கார்க்கில் அந்தக் கல்லூரி இன்று பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. அங்குள்ள நூலகத்திற்கு ஜார்ஜ் பூலேயின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இரவல் புத்தகங்களால் உருவானவருக்கு அதைவிடப் பொருத்தமான நினைவிடம் இருக்க முடியாது.